அம்மாவுக்குக் காகிதப் பரிசு: வீட்டில் இருக்கும் மற்ற பெரியவர்களுக்கான கேள்வி பதில்

அன்னையர் தினத்துக்கு முதல் நாள் பல வீடுகளில் நடப்பது இதுதான். பிள்ளை அம்மாவுக்கு வாழ்த்து அட்டை செய்ய உட்காரும். கத்தரிக்கோல் எங்கே என்று அம்மாவைக் கேட்கும். ஃபெவிகால் மூடி திறக்கவில்லை என்று அம்மாவிடமே நீட்டும். வட்டம் போட வளையல் வேண்டுமென்று அம்மா கையிலிருந்து கழற்றிக்கொண்டு போகும். எல்லாம் முடிந்ததும் தரையில் கிடக்கும் துண்டுத் தாள்களை அம்மா பெருக்குவார். தனக்கு வரும் பரிசில் பாதியைத் தானே செய்துகொள்ளும் ஒரே ஆள் அம்மாவாகத்தான் இருக்கும்.

அதனால் இந்தக் கேள்வி பதில் அம்மாக்களுக்கு அல்ல. அப்பா, தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா, மூத்த அண்ணன், அக்கா என்று வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு. கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு மாடிக்குத் தெருப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் கத்தரிக்கோலும் கையுமாக வந்துவிடுவார்கள். அவர்களும் அவர்களைக் கூப்பிட வரும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இவை.

அன்னையர் தினம் எப்போது வருகிறது?

இந்தியாவிலும் இலங்கையிலும் மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. 2026இல் மே 10, 2027இல் மே 9. இங்கிலாந்தில் கணக்கே வேறு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காவது ஞாயிறு என்பதால் பெரும்பாலும் மார்ச்சில் வந்துவிடும். லண்டனில் இருக்கும் அக்கா பிள்ளைகளுக்கு மே மாதம் ஞாபகப்படுத்தினால், அவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்து முடித்திருப்பார்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் மார்ச் 21.

மே மாத வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. அன்னா ஜார்விஸ் என்ற பெண் தன் தாயின் நினைவாக 1908இல் மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர் தேவாலயத்தில் இதை நடத்த ஏற்பாடு செய்தார். 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் அரசு அறிவிப்பாகவே வெளியிட்டார். பிறகு கடைக்காரர்கள் அதை வியாபாரமாக்கியதைப் பார்த்து வெறுத்துப்போன ஜார்விஸ், கடைசிக் காலம் வரை அதை எதிர்த்துச் சண்டை போட்டார். கடையில் வாங்கும் அச்சடித்த வாழ்த்து அட்டை அவருக்கு அறவே பிடிக்காது. பிள்ளை கையால் செய்த கோணல் அட்டையைப் பார்த்திருந்தால் சண்டை போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. மே மாதம் பள்ளிக்கூடம் இருக்காது. ஆகவே டீச்சர் செய்ய வைத்து அனுப்புவார் என்று காத்திருக்க முடியாது. வீட்டில் யாராவது ஒருவர்தான் பொறுப்பெடுக்க வேண்டும்.

கடையில் என்னென்ன வாங்க வேண்டும்?

மிகவும் குறைவாக. ஏ4 வண்ணத்தாள் ஒரு கட்டு, ஒரு வெள்ளை சார்ட், நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், ஃபெவிகால் அல்லது குச்சிப் பசை, ஸ்கெட்ச் பேனா. போதும். மினுக்குப் பொடி வாங்காதீர்கள். அடுத்த பொங்கல் வரை தரையிலிருந்தும் பாயிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

பணம் செலவழிக்காமல் வீட்டிலேயே தாள் கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் கடைத் தாளைவிட நல்லதாக. பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். பரணில் அல்லது பீரோ மேல் ஒரு கட்டு நிச்சயம் இருக்கும். நல்ல கெட்டி அட்டை, ஓரமெல்லாம் பொன் நிறப் பூவேலை, உள்ளே ஒன்றும் எழுதாத வெள்ளைப் பக்கம். பிள்ளையாரும் குத்துவிளக்கும் அச்சான உறைகளும் உண்டு. பூ, மயில், மாங்காய் வடிவங்களை அப்படியே வெட்டி எடுத்து ஒட்டினால் அட்டையில் பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அம்மாவின் சொந்தக் கல்யாணப் பத்திரிகையை வெட்டிவிடாதீர்கள். எங்கள் மாடியில் ஒரு முறை நடந்திருக்கிறது. அட்டை அழகாகத்தான் வந்தது.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் மெல்லியவை, மடிக்கப் பழக நல்லவை. மாத காலண்டரின் வழவழப்பான தாள் மாலைக்கு மணி உருட்டத் தோதானது. காலண்டரின் பின் அட்டை போட்டோ சட்டத்துக்கு ஆகும். புடவை மடிப்புக்குள் வைத்துத் தரும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள்.

என் பெண்ணுக்கு மூன்று வயதுதான். அவளால் எதுவும் செய்ய முடியுமா?

கிழிக்க முடியும். மூன்று வயதுக்குப் பிடித்த வேலையே அதுதான். இரண்டு மூன்று நிறத் தாள்களைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் நீங்கள் ஒரு பெரிய பூவோ குடமோ வரைந்து, உள்ளே பசை தடவிக் கொடுங்கள். கிழித்த துண்டுகளை அவள் ஒட்டட்டும். கோட்டுக்கு வெளியே போனால் போகட்டும். மணி, பொத்தான், குண்டூசி எதையும் இந்த வயதில் பக்கத்தில் வைக்காதீர்கள், வாய்க்குப் போய்விடும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டாள். மீதியை நாளைக்குச் செய்யலாம்.

நான்கைந்து வயதுப் பிள்ளை தானே மடிக்கக்கூடிய பூ ஏதாவது?

மொட்டு. முதலில் சதுரம் வேண்டும். ஏ4 தாளின் ஒரு மூலையைப் பிடித்து, அகலப் பக்கம் நீளப் பக்கத்தோடு சேருகிறாற்போல் குறுக்கே மடியுங்கள். மிஞ்சும் துண்டை வெட்டிவிட்டால் 21 செ.மீ. சதுரம் கையில் இருக்கும். அந்த மிச்சத் துண்டும் வீண் இல்லை. கிட்டத்தட்ட 9 செ.மீ. அகலம் வரும், புத்தக அடையாளத்துக்குச் சரியாக இருக்கும்.

சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். நீளமான மடிப்பு கீழேயும் கூர்முனை மேலேயும் இருக்கும்படி வையுங்கள். இப்போது கீழே இடம் வலமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளையும் சாய்வாக மேலே தூக்கி மடிக்க வேண்டும். நடு முனைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனை எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், மூன்று இதழ் மொட்டு. பின்னால் ஈர்க்குச்சியை ஒட்டினால் காம்பு. ஜப்பானியர்கள் துலிப் என்பார்கள், எங்கள் மாடியில் தாமரை என்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்தும்.

கை அட்டை என்று சொல்கிறார்களே, எப்படிச் செய்வது?

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது. தாளை இரண்டாக மடியுங்கள். பிள்ளை தன் இடது கையைத் தாளின் மேல் வைக்கட்டும். கட்டை விரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மடிப்புக் கோட்டைத் தொட வேண்டும். கையைச் சுற்றி பென்சிலால் வரைந்து இரண்டு தாளையும் சேர்த்து வெட்ட வேண்டும். விரல் நுனிகள் தொடும் இடத்தில் மட்டும் மடிப்பை வெட்டக் கூடாது, வெட்டினால் இரண்டு கைகளாகப் பிரிந்துவிடும்.

விரித்துப் பார்த்தால் இரண்டு கைகள், நடுவில் இதய வடிவத்தில் ஒரு சந்து. இதை வேறு நிற அட்டையில் ஒட்டினால் அந்த நிறத்தில் இதயம் தெரியும். பின்பக்கம் தேதியும் வயதும் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் செய்தால் கை வளர்ந்த கணக்கு அதிலேயே இருக்கும். மருதாணி வைத்த மாதிரி உள்ளங்கையில் வட்டமும் விரல் நுனியில் தொப்பியும் சிவப்புப் பேனாவால் போட்டால் இன்னும் அழகு.

ரோஜா செய்ய எளிய வழி உண்டா?

உண்டு, ஏழு வயதுக்கு மேல். சின்னத் தட்டையோ பெரிய டப்பா மூடியையோ வைத்து 12 செ.மீ. வட்டம் வரையுங்கள். (வளையல் வேண்டாம், முன்பே சொன்னேன்.) ஓரத்திலிருந்து உள்ளே போகப் போகச் சுருள் கோடு போடுங்கள், கொசுவர்த்திச் சுருள் மாதிரி. பட்டை ஒன்றரை செ.மீ. அகலம் இருக்கட்டும். நடுவில் ஒரு ரூபாய் அளவு வட்டத்தை விட்டுவிட்டுக் கோட்டின் மேலேயே வெட்ட வேண்டும். கோடு நடுங்கினால் நல்லதுதான், இதழ் நெளிநெளியாக வரும்.

இப்போது வெளி நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். உள்ளிருந்து தொடங்கினால் ரோஜா வராது. எல்லாரும் முதல் தடவை அதைத்தான் செய்வார்கள். முடிவு வரை சுருட்டியபின் விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் பூ தானே விரியும். நடுவில் விட்ட வட்டத்தில் பசை தடவி அடியில் ஒட்டி, இருபது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். ஐந்தாறு ரோஜாக்களைப் பழைய பத்திரிகை அட்டையில் நெருக்கமாக ஒட்டினால் அதுவே பரிசு.

திறந்தால் படம் எழுந்து நிற்கும் அட்டையை என் பத்து வயதுப் பையன் கேட்கிறான். கஷ்டமா?

பார்க்கத்தான் கஷ்டம். உள்ளே இருப்பது இரண்டே வெட்டு. ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கி 3 செ.மீ. நீளத்துக்கு இரண்டு நேர் வெட்டுகள், இடையில் 2 செ.மீ. விட்டுப் போடுங்கள். அந்தப் பட்டையை முன்னும் பின்னும் ஒரு தடவை மடித்துத் தழும்பு ஏற்படுத்துங்கள். தாளைத் திறந்து பட்டையை உள்பக்கமாகத் தள்ளி மூடினால் மடிப்பு எதிர்த்திசையில் விழும். மறுபடி திறந்தால் உள்ளே ஒரு சின்னப் படிக்கட்டு நிற்கும். அந்தப் படியின் முன் முகத்தில் படத்தின் அடிப்பகுதியை ஒட்ட வேண்டும்.

படம் 10 செ.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் அட்டையை மூடும்போது வெளியே தலையை நீட்டக்கூடும். வெளியே கெட்டி அட்டை ஒன்றை மேலுறையாக ஒட்டும்போது படிக்கட்டின் பின்புறம் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் எழுந்து நிற்கவேண்டியது படுத்தே கிடக்கும். மூன்று படிக்கட்டு வெட்டினால் மூன்று படங்கள். ஒரு பையன் அடுப்பு, குக்கர், அம்மா என்று மூன்றும் வைத்தான். அவன் அம்மா பார்த்துவிட்டு, "இங்கேயும் நான் அடுப்படியில்தானா?" என்று கேட்டார். அடுத்த வருடம் அதே பையன் கடற்கரை, ஐஸ்கிரீம், அம்மா என்று செய்து கொண்டுவந்தான்.

காகிதத்தில் மல்லிகைச் சரம் கட்ட முடியுமா?

முடியும், பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம். வெள்ளைக் கிரேப் தாளை அல்லது சாப்பாட்டு மேசையில் வைக்கும் டிஷ்யூ தாளை 4 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் சுருட்டி, கீழ்ப் பாதியை மட்டும் இறுக முறுக்கினால் காம்பு. மேல் பாதி தளர்வாக இருந்தால் மொட்டு. காம்பில் பச்சை ஸ்கெட்ச் பேனாவை ஓட்டுங்கள்.

கட்டுவது நிஜப் பூக் கட்டுவது போலத்தான். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நூலைச் சுற்றி ஒரு கண்ணி போட்டு இழுக்க வேண்டும். இதை எழுதிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பாட்டியின் விரலைப் பார்த்துத்தான் பழக வேண்டும், பாட்டிக்கும் ஒரு மத்தியானம் நன்றாகப் போகும். ஒரு சாண் நீளத்துக்கே நாற்பது ஐம்பது மொட்டு பிடிக்கும். ஆகவே ஒரே நாளில் முழம் கணக்குப் பேசாதீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் சுருட்டுங்கள்.

கனகாம்பர நிறம் வேண்டுமென்று ஆரஞ்சுக் கிரேப் தாளை எடுத்தால், ஈரமோ வியர்வையோ பட்டவுடன் சாயம் இறங்கும். தலையில் வைத்தால் நெற்றி வரை வழியும். நிறச் சரத்தைக் கண்ணாடியிலோ சாமி படத்திலோ மாட்டலாம், தலைக்கு வெள்ளை போதும்.

அம்மா உண்மையிலேயே போட்டுக்கொள்ளக்கூடிய நகை ஏதாவது?

மணி மாலை, மணி வளையல். வழவழப்பான காலண்டர் தாளில் அடி 2 செ.மீ., நீளம் 25 செ.மீ. உள்ள நீண்ட முக்கோணங்களை வெட்டுங்கள். அகலமான பக்கத்தை ஈர்க்குச்சியில் வைத்து உருட்டிக்கொண்டே வாருங்கள், கடைசி நாலு விரற்கடைக்குப் பசை. நுனி நட்டநடுவில் முடிந்தால் நடுவில் பருத்து ஓரத்தில் மெலிந்த மணி கிடைக்கும். குச்சியை உடனே உருவிவிட வேண்டும், ஒட்டிக்கொண்டால் வராது.

முதல் சில மணிகள் கோணிக்கொண்டு போகும். ஐந்தாவதிலிருந்து கை பழகிவிடும். 2 செ.மீ. மணி எட்டு இருந்தால் ஒரு வளையலுக்குப் போதும். மாலைக்கு இருபதுக்கு மேல் வேண்டும். மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட்டிங் கொடுத்தால் பளபளக்கும், வியர்வையும் சீக்கிரம் ஏறாது. நகப்பூச்சை ஜன்னல் பக்கம் வைத்துப் பெரியவர்கள் பூசுங்கள், வாடை பிள்ளைகளுக்கு ஆகாது.

வேலைச் சீட்டுப் புத்தகம் நல்ல யோசனையா?

நல்ல யோசனை, ஒழுங்காக நடந்தால். பத்துச் சீட்டுகளை வெட்டி ஓரத்தில் ஸ்டேப்லர் போட்டு ஒரு புத்தகம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வேலை: "துணி மடித்து வைப்பேன்", "தண்ணீர் பாட்டில்களை நிரப்புவேன்", "தம்பியோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட மாட்டேன்". அம்மா சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் பிள்ளை செய்ய வேண்டும்.

பிள்ளையால் முடியாததை எழுதவிடாதீர்கள். "தினமும் சமைப்பேன்" என்று ஆறு வயதுப் பிள்ளை எழுதினால் சிரித்துவிட்டுப் போகலாம், சீட்டு செல்லாது. இன்னொன்று, அம்மா சீட்டைக் கொடுக்கும்போது "அப்புறம்" என்று பிள்ளை ஓடினால், பின்னால் போய்க் கூட்டிவரும் வேலை உங்களுடையது. அந்த வேலையும் அம்மா தலையில் விழுந்தால் அதற்குப் பெயர் பரிசு இல்லை. புத்தகத்தில் அப்பா பெயரில் இரண்டு சீட்டு சேர்க்கலாமா என்று ஒரு அப்பா கேட்டார். தாராளமாக.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு?

அவர்களுக்குப் பூவும் இதயமும் கூச்சம். சமையல் குறிப்புப் புத்தகம் செய்யச் சொல்லுங்கள். நான்கு ஏ4 தாளைச் சேர்த்து நடுவில் மடித்தால் 16 பக்கம். மடிப்பில் மூன்று துளை போட்டு, கெட்டி நூலால் நடுத் துளையில் தொடங்கி மேலும் கீழும் போய் நடுவிலேயே முடிச்சுப் போட்டால் புத்தகம் தயார்.

உள்ளே அம்மா செய்யும் சமையலையே எழுத வேண்டும். இரண்டு வாரம் முன்பிருந்தே பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் "நெல்லிக்காய் அளவு" என்பார், உப்பு "கண் அளவு", தண்ணீர் "விடுற அளவு". அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், கிராம் கணக்காக மாற்றிவிடாதீர்கள். நாளைக்குப் பிள்ளை வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போகும்.

மடிப்பு எப்போதும் கோணலாக, நொறுங்கினாற்போல வருகிறது. ஏன்?

தாளில் நார் ஓடும் திசை என்று ஒன்று உண்டு. ஆலையில் தாள் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படியும். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணி ஓடும். காரணம் அதுதான். கெட்டி அட்டையை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும்.

சாதாரண ஏ4 தாள் 70, 80 ஜி.எஸ்.எம். எடையில் வரும். ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் என்பது அதன் பொருள். மடிப்பு வேலைக்கு அது போதும். 200க்கு மேல் போகும் அட்டையை அப்படியே மடித்தால் வெடிக்கும். அடிக்கோல் வைத்து மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். மடித்தபின் நகத்தால் தேய்ப்பதைவிடக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தால் சுத்தமாக இருக்கும்.

மே மாதத்தில் மாடியில் உட்கார்ந்தால் இன்னொரு சங்கடம், மின்விசிறி. போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் பிள்ளை பறக்கும். வேலை செய்யும் தாளின் மேல் ஒரு கல்லையோ டம்ளரையோ வையுங்கள்.

பசை வீட்டிலேயே காய்ச்சலாமா?

காய்ச்சலாம். மூன்று மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல் பளபளப்பாகும்போது பசை. அடுப்பில் பெரியவர் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளில் புளித்துவிடும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் பைண்டிங் செய்பவர்களிடம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம்.

அதுவும் சோம்பலாக இருந்தால் சோற்றுப் பருக்கை நாலு எடுத்து நசுக்கித் தேயுங்கள். உறை ஒட்ட, பட்டம் ஒட்ட அந்தக் காலத்தில் அதுதானே. எந்தப் பசையாக இருந்தாலும் பிள்ளைகள் அளவுக்கு மேல் ஊற்றுவார்கள், தாள் நமத்துச் சுருங்கும். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி ஈர்க்குச்சியால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். விரல் துடைக்க ஈரத்துணி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சட்டையில் துடைப்பார்கள். அந்தச் சட்டையைத் துவைப்பது யார்?

கோணலாக இருக்கிறது. நான் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு வேறு பதில் இல்லை. பிள்ளை தூங்கியபின் அப்பா உட்கார்ந்து ஓரத்தை நேராக வெட்டி, எழுத்தின் மேல் எழுத்து ஓட்டிச் சரிசெய்த ஒரு அட்டையைப் பார்த்திருக்கிறேன். காலையில் அந்தப் பிள்ளை அதை எடுத்துப் பார்த்தது. அம்மாவிடம் கொடுக்கும்போது "அப்பா செய்தது" என்று சொல்லித்தான் கொடுத்தது.

நீங்கள் செய்யக்கூடியது: மடிக்கக் கஷ்டமான இடத்தில் தாளைப் பிடித்துக்கொள்வது, கூர்மையான கத்தியால் வெட்டவேண்டியதை வெட்டுவது, உங்களுக்கென்று தனியாக ஒரு தாள் எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுவது. பிள்ளையின் தாளில் உங்கள் பேனா படக் கூடாது. "அம்மா" என்பதில் புள்ளி விட்டுப்போய் "அமமா" என்று இருந்தால் இருக்கட்டும்.

உள்ளே என்ன எழுதச் சொல்வது? எல்லாம் ஒரே மாதிரி வருகிறது.

"உலகிலேயே சிறந்த அம்மா" என்று எழுதச் சொன்னால் ஒரே மாதிரிதான் வரும். வாசகம் சொல்லிக் கொடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார்? அம்மாவுக்கு எதைப் பார்த்தால் பயம்? நேற்று அம்மா எதற்குச் சிரித்தார்? பதிலை அது பேசுகிற மாதிரியே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை சொல்வதை நீங்கள் ஒரு வார்த்தை மாற்றாமல் தனித்தாளில் எழுதி ஒட்டலாம். எங்கள் மாடியில் ஒரு நான்கு வயதுக்காரி சொன்னது: "அம்மா பல்லி வந்தா கட்டில் மேல ஏறுவா. நான் ஏற மாட்டேன்." அட்டை முழுவதும் அந்த ஒரு வரிதான், கீழே ஒரு பல்லி.

யூடியூப் பார்த்துச் செய்ய விடலாமா?

ஒரு முறை நீங்கள் பார்த்துவிட்டு போனை உள்ளே வைத்துவிடுங்கள். பிள்ளை பார்த்தால் செய்வதைவிட அடுத்த வீடியோ பார்ப்பதுதான் நடக்கும்.

"இதெல்லாம் பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்கிறான் என் பையன்.

அதை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று வீட்டுக்குள் தேடுங்கள். காகித ராக்கெட் விடுபவன், பட்டம் ஒட்டுபவன் இதைச் செய்ய முடியாதா? எழும்பும் அட்டையில் இருந்து தொடங்குங்கள், அதில் பொறியியல் இருக்கிறது என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவான். சித்தப்பாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து ரோஜா சுருட்டினால் பேச்சே எழாது.

அம்மா இல்லாத பிள்ளையும் கூட்டத்தில் இருந்தால்?

கூட்டத்தைத் தொடங்கும்போதே "அம்மாவுக்கு" என்று சொல்லாமல் "உங்களுக்குச் சோறு போடுகிறவர், தலை வாரி விடுகிறவர் யாரோ அவருக்கு" என்று சொல்வது என் வழக்கம். பாட்டி, பெரியம்மா, அத்தை, அப்பா, யாராக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டு மெல்லிய குரலில் ஆறுதல் சொல்லாதீர்கள், மற்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இறந்துபோன அம்மாவுக்கே செய்ய வேண்டும் என்று பிள்ளை சொன்னால் செய்யட்டும். படத்துக்குப் போடக் காகித மல்லிகைச் சரம் கட்டிய பெண் ஒருத்தி எங்கள் மாடியில் உண்டு. வாடாத பூ என்று அவளே சொன்னாள்.

அம்மா வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்த்தால் தட்டையான பரிசாகச் செய்யுங்கள். கை அட்டை சாதாரண உறையில் போகும். ரோஜா தபாலில் நசுங்கிவிடும்.

ஞாயிறு காலை ஆகிவிட்டது, இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

கை அட்டை. அரை மணி நேரம்.

இந்தப் பரிசுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

தட்டையானவை பல வருடம் இருக்கும். செய்தித்தாளில் செய்தது சீக்கிரம் மஞ்சளாகும், வெயில் படாமல் வையுங்கள். மைதா, சோறு ஒட்டியவற்றை ராமபாணப் பூச்சி தேடி வரும். ஆகவே பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, துணியில் முடிந்த வசம்பு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பின்பக்கம் பென்சிலில் தேதி எழுதுங்கள், ஸ்கெட்ச் பேனாவின் மை முன்பக்கம் வரை ஊறும். எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அம்மா. நாற்பதாவது மொட்டைக் குப்பையில் பார்த்தால் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

எல்லாம் செய்து முடித்தாயிற்று. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

பெருக்க வேண்டும். விளக்குமாறு எங்கே என்று அம்மாவிடம் கேட்காமல்.